மரத்தின் கால்: சில குறிப்புகள்

மார்ச் கடைசி. டிக்கோயாப் பக்கம்.

பழைய பங்களா ஒன்றின் முன்வாசலில் கமேலியா நின்றபடியே செத்திருக்கிறது. ஒரு இலைகூட உதிரவில்லை. எல்லாம் செம்பழுப்பாகக் காய்ந்து கிளையிலேயே தொங்குகின்றன, மொட்டுகளும் அப்படியே. தண்ணீர் இல்லாமல் வாடுகிற மரம் பெரும்பாலும் இலையைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துத் தன்னைக் காப்பாற்றப் பார்க்கும். இலையை உதிர்க்கக்கூட நேரம் கிடைக்காமல் போன மரத்துக்கு அடி விழுந்தது வேரில்.

பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் தம்பி மூன்று தடவை மருந்து அடித்திருக்கிறார். அவர் மேல் குறையில்லை. இலையில் தெரிகிற நோவுக்கு இலையில் மருந்து போடத்தான் எல்லாருக்கும் கை போகும்.

செடியிலிருந்து ஆறேழு அடி தள்ளி ஒரு சவுக்கு அடிக்கட்டை. (மலையில் சவுக்கு என்றால் கிரெவில்லியா. கடற்கரைச் சவுக்கு வேறு.) அதன் மேல் அழகுக்குப் பூச்சட்டி வைத்திருந்தார்கள். சட்டியைத் தூக்கிப் பார்த்தேன். கட்டையின் ஓரத்தில் கரி ஒட்டின மாதிரி மேடும் பள்ளமுமாக ஒரு கறுப்பு ஓடு. விரலால் அழுத்தியதும் நொறுங்கியது.

"எப்ப வெட்டுன மரம் தம்பி?"

"நாலு வருசம் இருக்கும் சார். வெட்டுனதோட முடிஞ்சிருச்சின்னு விட்டுட்டோம்."

*

தேயிலைக்காரர்கள் இதைக் கரி வேர்நோய் என்பார்கள். உஸ்டுலினா என்று ஒரு பங்கசு. அதன் வித்தி காற்றில் வந்து புதிதாக வெட்டிய கட்டையின் வாயில் உட்கார்கிறது. கட்டை செத்தாலும் வேரில் மாப்பொருள் நிறைய மிச்சம் இருக்கிறது. அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே பங்கசு வேர் வழியாக நடக்கிறது. சவுக்கு வேர் எங்கே தேயிலை வேரைத் தொடுகிறதோ அங்கே தேயிலைக்கு மாறிக்கொள்கிறது. மண்ணுக்குள் தனியாக நீண்ட தூரம் போக இதற்குத் தெம்பில்லை; வேர் வேரைத் தொட வேண்டும். அதனால்தான் மலையில் செத்த தேயிலை ஒரு கட்டையைச் சுற்றி வட்டமாக நிற்கிறது. கமேலியாவும் தேயிலையும் ஒரே பேரினம், அக்கா தங்கை. பங்களாவின் வேலிக்கு உள்ளே இருக்கிறது என்பதற்காகப் பங்கசு அதை விட்டுவைக்காது.

இதையெல்லாம் இந்த மண்ணில் உட்கார்ந்து எழுதிவைத்தவர் டொம் பெட்ச். 1905இல் பேராதனைக்கு அரசாங்கப் பங்கசு ஆய்வாளராக வந்தார். தேயிலைச் செடியின் நோய்கள் பற்றிய அவருடைய புத்தகம் 1923இல் வந்தது. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தபோது முதல் இயக்குநரும் அவர்தான். நூறு வருடம் ஆகிவிட்டது. அடிக்கட்டையை விடாதே என்று அப்போதே சொல்லப்பட்டது. இன்றைக்கும் அதன் மேல் பூச்சட்டி வைக்கிறோம்.

தோட்டத்தில் இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. மரத்தை வெட்டுவதற்கு ஒரு வருடத்துக்குக் குறையாமல் முன்பே அடியில் பட்டையைச் சுற்றிவர உரித்துவிடுவது. இலை செய்கிற உணவு கீழே இறங்க முடியாது. வேர் தன்னிடம் இருக்கிற மாப்பொருளைத் தானே தின்று தீர்க்கும். பிறகு வெட்டினால் பங்கசுக்குச் சாப்பிட ஒன்றும் இருக்காது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமான யோசனை!

ஆனால் ஒன்று. இது மலைக்குள் நிற்கிற மரத்துக்குச் சரி. லயத்துக்கு மேலே, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், ரோட்டோரத்தில் பட்டையை உரித்து மரத்தை ஒரு வருடம் நின்று சாகவிடக்கூடாது. காய்ந்த மரம் எந்தக் காற்றில் விழும் என்று எவராலும் சொல்ல முடியாது. வீடுகளுக்குப் பக்கத்தில் வேரோடு தோண்டி எடுப்பது ஒன்றே வழி. செலவுதான், தெரியும்.

*

கவ்வாத்து வெட்டி வெட்டியே கை காய்த்துப்போன மாமா ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். பல வருடத்துக்கு முன்னால், ஒரு பங்களா சைப்பிரஸ் வேலி பழுத்துக்கொண்டு போனபோது நான் இலையை உருவி உருவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்று சொன்னது:

"எலயப் பாத்து என்னா செய்யப் போறீங்க? காலப் பாருங்க தம்பி. நிக்கிறது கால்லதானே."

அன்றிலிருந்து எந்த மரத்திடம் போனாலும் முதலில் குந்தி உட்காருகிறேன்.

காலைப் பார்க்கிற விதம்: தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் கையாலும் சிறு குச்சியாலும் மண்ணைத் தள்ளவேண்டும். மண்வெட்டி வேண்டாம், அதுவே காயம் போடும். நல்ல மரத்தின் அடி, ஆனையின் கால் மாதிரி விரிந்து மண்ணுக்குள் இறங்கும். நட்டு வைத்த கம்பம் மாதிரி நேராக இறங்கினால் கழுத்துவரை மண் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு சந்தேகப்படுகிற வேர் ஒன்றைத் திறந்து தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்க்க வேண்டும்.

கழுவியதும் வேரின் மேல் சிவப்பாகச் சரடு சரடாகவோ தோல் மாதிரியோ தெரிந்தால் சிவப்பு வேர்நோய். கழுவக் கழுவ மண்ணும் மணலும் போகாமல் பழுப்பு ஓடாக ஒட்டிக்கொண்டு நின்றால், உள்ளே மரத்தில் தேன்கூடு மாதிரி கோடுகள் ஓடினால், பழுப்பு வேர்நோய். வேரின் மேலே ஒன்றுமே தெரியாமல், பட்டையைச் சீவினால் உள்ளே வெள்ளையாக விசிறி விசிறியாகப் படர்ந்து, மரத்தில் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருந்தால் கரி நோய். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கத்தியும் போதும்.

இன்னொன்றும் உண்டு, அதற்கு ஓடும் இல்லை சரடும் இல்லை. அடிப்பட்டை ஈரமாகக் கறுத்து, சீவினால் உள்ளே காவி நிறமாக அழுகியிருக்கும். மெல்லிய வேர்களின் தோல் உறை மாதிரி கழன்று வரும். பைட்டொப்தோரா. தண்ணீர் தேங்குகிற இடத்தின் நோய். அதன் வித்தி வாலை ஆட்டி நீந்தும். நீந்தத் தண்ணீர் வேண்டும். இந்த வகையில் உலகம் முழுக்கத் தோட்டங்களை அழித்த இனத்துக்கு சின்னமோமி என்று பெயர், 1922இல் சுமாத்ராவில் கறுவா மரத்தில் கண்டுபிடித்ததால். சைப்பிரஸ், அசேலியா, கமேலியா, பட்டர்ஃபுரூட், எதையும் விடாது. இதற்கு முதல் மருந்து கான் வெட்டுவது. தேயிலை மலைக்குக் கான் வெட்டத் தெரிந்த நாம், பங்களாப் புல்தரையில் தண்ணீர் எங்கே போகும் என்று யோசிப்பதில்லை.

*

அப்பா பங்களாத் தோட்டக்காரராக இருந்தார். தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

துரை மாறும்போதெல்லாம் பூந்தோட்டமும் மாறும். ஒருவருக்குப் புல்தரை உயரமாக வேண்டும். லொறியில் மண் வந்து இறங்கும். அடுத்தவருக்கு மரத்தைச் சுற்றிக் கல்கட்டு. அதற்கு அடுத்தவர் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வார். வாசலில் நின்ற அரோகேரியாவுக்கு இப்படி மூன்று தடவை கால் மூடப்பட்டது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "மரத்துக்கு மூச்சு முட்டும்" என்று வீட்டில் அம்மாவிடம் சொல்வார், பங்களாவில் சொன்னதில்லை. சொல்லக்கூடிய இடத்தில் அவரை யாரும் வைக்கவில்லை.

அப்பா சொன்னது சரி என்று பிறகு படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. வேர் மூச்சு விடுகிறது. மேலே ஓரடி மண் ஏற்றினால் காற்று குறையும். எப்போதும் காய்ந்திருக்க வேண்டிய தண்டுப்பட்டை எப்போதும் ஈரமாக இருக்கும். பங்கசு உள்ளே வர அதுவே வாசல். மரம் உடனே சாகாது. ஐந்து வருடம், பத்து வருடம் கழித்து உச்சி காயும். அதற்குள் மண் ஏற்றச் சொன்னவர் வேறு தோட்டத்துக்கு மாறியிருப்பார்.

இப்போது புதிதாக ஒரு காயம். 2015இல் களைகொல்லி கிளைஃபோசேட்டைத் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப விட்டார்கள். அந்த இடைவெளியில் புல் வெட்டும் மெஷின் பல இடங்களுக்கு வந்தது, பிறகு போகவில்லை. அதன் நைலோன் நூல் மரத்தின் அடிப்பட்டையில் பட்டுப் பட்டு ஒரு வளையமே அரித்துவிடுகிறது. சின்ன மரத்துக்கு அது பட்டையைச் சுற்றிவர உரித்த மாதிரிதான். மருந்து இல்லாத, செலவும் இல்லாத தடுப்பு: தண்டைச் சுற்றி இரண்டடிக்குப் புல்லைக் கையால் பிடுங்கிவிட்டு, காய்ந்த இலையைப் பரப்புவது. பரப்பும்போது தண்டைத் தொடாமல் நாலு விரல் இடைவெளி.

*

ஏப்ரல். நுவரெலியாவில் சீசன்.

குதிரைப் பந்தயம், பூக்கண்காட்சி, கிரகரி வாவியில் படகு. விக்டோரியா பூங்காவில் நடக்க இடமில்லை. 1897இல் மகாராணியின் வைர விழாவுக்குப் பெயர் வைத்த பூங்கா. நகரம் முழுக்க மார்ச்சிலேயே மரங்களைச் சீர் பண்ணிவிடுகிறார்கள். கொப்பு வெட்டி, தலை வெட்டி, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மே கடைசியில் தென்மேல் பருவமழை வரும். வெட்டின வாய் மூடுவதற்குள் ஹட்டன், தலவாக்கலைப் பக்கமெல்லாம் வாரக்கணக்கில் நனையும். பங்கசுக்கு நாமே நாள் குறித்துக் கொடுக்கிறோம். சீசனுக்காக வெட்டுவதை நவம்பரிலும் டிசம்பரிலும் வெட்டு என்று சொல்ல மாட்டேன், அப்போதும் மழை. மழை ஓய்ந்த ஜனவரி, பெப்ரவரியில் வெட்டினால் வாய் காய்ந்து விளிம்பு உருள மூன்று மாதமாவது கிடைக்கும். காயம் ஆறுகிற நாளைப் பார்த்துத்தான் வெட்டு நாளைக் குறிக்க வேண்டும்.

வெட்டுகிற விதம் இன்னும் முக்கியம். கிளை தண்டில் சேருகிற இடத்தில் கழுத்துப்பட்டி மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அதை விட்டுவிட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு ஒட்ட வெட்டினால் புடைப்பும் போய்விடும், மரத்தின் காப்பு போன மாதிரி. ஒரு முழம் நீட்டி விட்டுவிட்டால் அந்த முண்டு செத்து, அழுகல் உள்ளே போகும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்தே இதைக் கண்டுபிடித்தார். மனிதப் புண் ஆறுவதுபோல மரப்புண் ஆறுவதில்லை என்றார் அவர். மரம் கெட்ட இடத்தைச் சுற்றி உள்ளே சுவர் எழுப்பிக்கொண்டு, வெளியே புது மரம் வளர்க்கிறது. அழுகினது அழுகினதாகவே உள்ளே இருக்கிறது. 1977இல் அவருடைய சுவர்க் கணக்கு அச்சில் வந்தது. வெட்டின வாய்க்குத் தார் பூசுவதால் அழுகல் நிற்காது என்பதையும் அவரே காட்டினார்.

தார்! எங்கள் தோட்டத்தில் தார் டின் இல்லாத கவ்வாத்தே கிடையாது. நானும் வருடக்கணக்காகப் பூசியிருக்கிறேன், பாசத்தோடு பூசியிருக்கிறேன். தாரின் அடியில் ஈரம் அடைபட்டு அழுகினதை ஒரு மெக்னோலியாவில் கண்ணால் பார்த்த பிறகுதான் விட்டேன். இப்போது தார் டின்னுக்குப் பதிலாகச் சர்ஜிக்கல் ஸ்பிரிட் போத்தல் ஒன்று கையில். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது கத்தியையும் வாளையும் அதில் துடைப்பது.

*

நோய் இல்லாதவை, ஆனால் நோய் என்று பயப்படுகிறவை:

மரப்பாசி. சாம்பல் பச்சைத் தாடி மாதிரித் தொங்குவதும், தண்டில் வெள்ளைத் திட்டுத் திட்டாக ஒட்டியிருப்பதும். மூடுபனி மலையில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மரத்திலிருந்து அது ஒன்றும் உறிஞ்சுவதில்லை. கம்பித் தூரிகையால் சுரண்டிப் பட்டையைப் புண்ணாக்க வேண்டாம். ஆனால் சின்னக் கொப்பு நுனிவரை பாசி பிடித்திருந்தால் மரம் வளர்வதை நிறுத்தியிருக்கிறது, காலைப் பார்க்கவும்.

உறைபனி. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் நுவரெலியாப் பள்ளங்களில் விழும். காலையில் இலை வெந்தது மாதிரிக் கறுக்கும். உடனே வெட்டிவிடாமல் புதுத் துளிர் எங்கே வருகிறது என்று பார்த்து வெட்டலாம்.

இலையின் மேல் கறுப்புப் புகைக்கரி. துடைத்தால் போய்விடும். மேலே எங்கேயோ செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ தேன் மாதிரிச் சொட்டுகிறது, அந்த இனிப்பில் வளர்கிற பூஞ்சணம். தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

குருவிச்சை மட்டும் உண்மையான ஒட்டுண்ணி. பூக்கொத்திக் குருவி பழத்தைத் தின்று, பிசின் மாதிரி ஒட்டும் விதையைக் கொப்பில் தேய்த்துவிட்டுப் போகிறது. குருவிச்சையைப் பிடுங்கினால் திரும்பவும் வரும். ஒட்டின இடத்துக்கு ஓரடி கீழே கொப்போடு வெட்ட வேண்டும். பூப்பதற்கு முன்.

*

கமேலியாவும் தேயிலையும் அக்கா தங்கை என்று எழுதினேன். கொப்புள நோயிலும் அந்த உறவு தெரிகிறது. 1946இல் இலங்கைக்கு வந்த எக்ஸோபசிடியம். இளங்கொழுந்தில் கண்ணாடி மாதிரி ஒரு புள்ளி, பிறகு அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சாகப் புடைக்கும். இந்தப் பங்கசின் சொந்தக்காரர்கள் அழகு கமேலியாவிலும் அசேலியாவிலும், மேல் மலையில் சிங்களத்தில் மஹ ரத்மல் என்கிற ரொடொடென்ட்ரனின் உலகக் குடும்பத்திலும் உண்டு. இலை தடித்து, வெளிறி, சதைப்பற்றாக வீங்கும். வெள்ளைப் பொடி படிவதற்கு முன் பறித்துப் புதைத்துவிட வேண்டும், பொடிதான் வித்தி.

இந்தப் பங்கசுக்கு இலையில் ஈரம் நின்றால் போதும், வெயில் பட்டால் வித்தி சாகும். மழைக்காலத்துக்கு முன்னால் தேயிலைக்கு நிழல் மரத்தின் கொப்பைக் கழிப்பது இதற்காகவும்தான். பூந்தோட்டத்திலும் அதே கணக்கு: நெருக்கி நடாதே, காற்றும் வெயிலும் நடக்க வழி விடு.

காற்றைப் பற்றி இந்த மலைக்குத் தெரிந்த மாதிரி வேறு எந்த மலைக்கும் தெரியாது. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் ஆரஞ்சுப் பொடி. துரைமார் முதலில் பெரிதாக எடுக்கவில்லை. 1880இல் இளைஞர் மார்ஷல் வோர்ட் வந்து, கண்ணாடித் துண்டுகளில் பசை தடவிக் கோப்பித் தோட்டத்தில் மாட்டி, காற்றில் பறக்கிற வித்தியைப் பிடித்துக் காட்டினார். மலை மலையாக ஒரே செடி நட்டு வைத்ததுதான் காற்றுக்குப் பாதை போட்டது என்றும் சொன்னார். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. கோப்பி போய்த் தேயிலை வந்தது; எங்கள் முப்பாட்டன்மாரின் வாழ்க்கை ஒரு இலைப்புள்ளியால் திசை மாறியது. ஒரு இலையில் ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு "அது ஒண்ணுமில்ல" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

*

விறகு பற்றி ஒரு குறிப்பு.

1868இல் ஐகொஃப் என்ற ஜெர்மானியர் இலங்கையிலிருந்து போன எள்ளளவு வண்டு ஒன்றுக்குப் பெயர் வைத்தார். தேயிலைக்காரர் ஷொட் ஹோல் போரர் என்பது இந்தக் கூட்டத்தைத்தான். வண்டு மரத்தைத் தின்பதில்லை. குண்டூசித் துளை போட்டு உள்ளே போய்த் தன்னோடு கொண்டுவந்த பங்கசை வளர்த்து, அதைத் தின்கிறது. அண்மையில் மரபணுவைப் பார்த்தவர்கள், ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருந்ததைக் கண்டார்கள். அதில் ஒன்று கலிபோர்னியாவின் தெருமரங்களைக் கொன்றது. 2017இல் தென்னாபிரிக்காவின் பீட்டர்மரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் பிடிபட்டது; அந்த நாட்டு நகர மரங்களிலும் பரவியது. ஊர் விட்டு ஊர் போக அது ஏறுகிற வாகனம் விறகு லொறி.

நம் தோட்டங்களில் விறகு போகாத இடம் இல்லை. ஸ்டோருக்கு, லயத்துக்கு, பங்களா அடுப்புக்கு. காய்ந்த மரத்தை வெட்டினால் அங்கேயே எரிக்கலாம். துளை விழுந்த மரத்தை இன்னொரு தோட்டத்துக்கு ஏற்றக்கூடாது. விறகை உயிரோடு நிற்கிற மரத்தில் சாய்த்து அடுக்கவே கூடாது.

*

மே. மழை தொடங்கிவிட்டது.

லயத்துக்கு மேலே நிற்கிற டர்பன்டைன் மரத்தின் அடியில் தட்டுக் காளான் இரண்டு. அலவாங்கின் பின்பக்கத்தால் தண்டைத் தட்டினேன். ஒரு பக்கம் கெட்டிச் சத்தம், மறுபக்கம் பறை மாதிரி. மலைப்பக்கத்து வேர் மண்ணிலிருந்து விரல் கனத்துக்கு விலகியிருக்கிறது.

பூந்தோட்ட மரத்தைப் பற்றி எழுத வந்தவன் இதை விட்டுவிட்டுப் போக முடியாது. பங்களா மரம் நோய்பட்டால் ஆள் வருகிறது. லயத்து மரம் நோய்பட்டால் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். மரம் தோட்டத்துக்குச் சொந்தம், விழுந்தால் கூரை எங்களுக்குச் சொந்தம். அந்த வரிசையில் ஏழு வீடு, பதினொரு பிள்ளைகள். காளானைப் படம் எடுத்து, தேதி போட்டு, தண்டின் சுற்றளவையும் வேர் விலகின இடத்தையும் எழுதி, கிராம சேவகருக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று, தோட்ட ஒஃபிஸுக்கு ஒன்று கொடுக்கச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் திகதி முத்திரை வாங்கச் சொன்னேன். அதுவரைக்கும் ராத்திரி மழையில் மேல்பக்க அறையில் படுக்க வேண்டாம் என்று அங்கே இருந்த அக்கா ஒருவரிடம் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

*

ஜூன். டிக்கோயா.

சவுக்குக் கட்டையைத் தோண்டினோம். நாலு பேர், இரண்டரை நாள். பென்சில் கனத்து வேர்வரை பொறுக்கி எடுத்து, குழியின் ஓரத்திலேயே குவித்து மூடிவைத்து, மழை விட்ட ஒரு மத்தியானத்தில் எரித்தோம். கமேலியாவையும் அப்படியே. செத்த இடத்தைச் சுற்றி, நன்றாக இருக்கிற செடியையும் ஒரு வரிசை உள்ளே சேர்த்து, மூன்றடி ஆழத்துக்குக் கான். கான் மண்ணை உள்பக்கமே போட்டோம்.

நடுவில் குவாத்தமாலாப் புல் நட்டிருக்கிறது. தேயிலை பிடுங்கின மலையில் போடுகிற அதே புல். ஒன்றரை, இரண்டு வருடம் அது நிற்க வேண்டும். அதுவரை மரம் ஒன்றும் அங்கே கூடாது.

தம்பி கேட்டார்: "அப்ப இந்த எடம் சும்மா கெடக்கட்டுமா சார்? வர்றவங்க கேப்பாங்களே."

கேட்டால் குழியைக் காட்டுங்கள் என்றேன். பிறகு இரண்டு பேருமாக வாசல் அரோகேரியாவின் கல்கட்டைப் பிரிக்க ஆரம்பித்தோம். மேல்மண்ணைக் கையால் அள்ள அள்ள ஒன்றேகால் அடி போனது. கீழே ஆனைக்கால் மாதிரி விரிகிற இடம் தெரிந்தது. பட்டை ஈரமாக இருந்தது, ஆனால் அழுத்தினேன், கெட்டியாக இருந்தது.